பழைய மெத்தையைத் தூக்கிப் போடும் முன்: மனிதருக்கும் செல்லப்பிராணிக்கும் வீட்டிலேயே படுக்கை

ஆயர் ஈத்தாம் – மலாய் மொழியில் ‘கருநீர்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட இந்த ஊர், பினாங்குக் கொடிமலையின் அடிவாரத்தில் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. மழைக்காலத்தில் இங்குள்ள வீடுகளில் துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் முழுவதுமாகக் காய்வதில்லை. துணிக்கே இப்படி என்றால், பத்து செ.மீ. தடிமனுள்ள மெத்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும். உள்ளே ஈரம் தங்கியிருக்கும். சில ஆண்டுகளில் மெத்தை கட்டிதட்டி, நாற்றமெடுத்து, அடுக்குமாடியின் குப்பைத் தொட்டி அருகே போய்ச் சேரும்.

அப்படிப் போகும் மெத்தைகளில் சிலவற்றை வீட்டிலேயே சரி செய்துவிடலாம். வேறு சிலவற்றை எந்தக் காரணம் கொண்டும் வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. ஊசியும் நூலும் அதற்குப் பிறகு வரட்டும்.

இலவம் பஞ்சும் இரப்பர் பாலும்

நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் மெத்தை என்றாலே இலவம் பஞ்சு மெத்தைதான். மலாய்க்காரர்கள் இந்தப் பஞ்சைக் ‘கெகாபு’ என்பார்கள். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கப்போக்’ என்ற சொல்லும் மலாய் மொழியிலிருந்து போனதுதான். தமிழகத்தில் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் வட்டாரம் இன்றும் இலவம் பஞ்சுக்கும் மெத்தைக்கும் பெயர் பெற்றது. பழம் என்று நம்பிக் காத்திருந்த கிளிக்குக் கடைசியில் பஞ்சுதான் மிஞ்சியது என்ற ‘இலவு காத்த கிளி’ கதையில் வருவதும் இலவின் காய்தான்.

இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே வெற்றிடமான மெல்லிய குழாய் போன்றது. மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் பஞ்சு இலேசாக இருக்கிறது. தண்ணீரை எளிதில் உறிஞ்சுவதில்லை. இந்தக் குணத்தால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிகளில் இதைத்தான் அடைத்தார்கள். 1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் அங்கிருந்து போய்க்கொண்டிருந்த இலவம் பஞ்சு நின்றுபோனது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு எருக்கின் உறவான ஒரு செடியின் காய்களைச் சேகரித்து, அதன் பஞ்சை அங்கிகளில் அடைக்க வேண்டிய நிலை வந்தது.

இழை மென்மையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் இதை நூலாக நூற்பது கடினம். அதே காரணத்தால் ஆள் படுத்துப் படுத்து இழைகள் நசுங்கி, பஞ்சு ஓரங்களுக்கு நகர்ந்துவிடும். பழைய இலவம் பஞ்சு மெத்தையின் நடுவில் பள்ளம் விழுவது இதனால்தான்.

இரப்பர் மெத்தையின் கதை வேறு. இரப்பர் பாலை நுரைக்க வைத்து மெத்தையாக்கும் முறையை 1929ஆம் ஆண்டு பிரிட்டனின் டன்லப் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தனர். மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தப் பால் வெளிநாட்டில் மெத்தையான காலத்தில் அவர்கள் படுத்தது பலகையிலும் பாயிலும். இன்று இரப்பர் மெத்தை இந்நாட்டிலேயே தயாராகிறது. இவற்றோடு செயற்கை நுரை மெத்தையும் சுருள்கம்பி மெத்தையும் சேர்ந்து நான்கு வகைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. நான்குக்கும் பராமரிப்பு ஒன்றல்ல.

எதை வைத்துக்கொள்ளலாம், எதை வீசிவிட வேண்டும்

வெள்ளத்தில் நனைந்த மெத்தையைக் காப்பாற்ற முயலக் கூடாது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். பல வீடுகளில் தண்ணீர் புகுந்தது. வெள்ள நீரில் கழிவுநீரும் கலந்திருக்கும். நனைந்த மெத்தையில் ஒன்றிரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெளியே வெயிலில் காய்ந்தாலும் உள்ளே இருக்கும் அழுக்கு போகாது.

மூட்டைப்பூச்சி உள்ள மெத்தையும் அப்படியே. தையல் ஓரங்களில் கரும்புள்ளிகள், உரித்த தோல், படுக்கை விரிப்பில் சிறு இரத்தக் கறை ஆகியவை அதன் அடையாளங்கள். வெயிலில் போட்டால் மூட்டைப்பூச்சி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வெயில் படும் மேற்புறம் சூடாகும்போது பூச்சி உள்ளே நகர்ந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்ப முடியாது. யாரோ தெருவோரத்தில் விட்டுப்போன மெத்தையை, நன்றாக இருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுவருவதும் இதனால்தான் ஆபத்து. நாய்க்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வதிலும் பயனில்லை. மூட்டைப்பூச்சி நாயின் படுக்கையிலேயே தங்கிவிடாது.

இலவம் பஞ்சு மெத்தை கட்டிதட்டியிருந்தாலும், பஞ்சு உலர்ந்து நாற்றமில்லாமல் இருந்தால் புதுப்பிக்கலாம். பஞ்சைக் கையில் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். தூளாக உதிர்ந்தாலோ கருமை படர்ந்திருந்தாலோ அதன் காலம் முடிந்தது. செயற்கை நுரையைக் கையால் அழுத்தி விட்டால் உடனே மேலெழும்ப வேண்டும். பள்ளம் அப்படியே நின்றால் அது மனிதர் படுக்க உதவாது. இரப்பர் மெத்தையைத் தேய்க்கும்போது மாவு போல உதிர்ந்தால் அதுவும் முடிந்தது. சுருள்கம்பி மெத்தையை வீட்டில் பிரிக்காமல் இருப்பது நல்லது. இழுவிசையில் இருக்கும் கம்பிகள் கையைக் கிழித்துவிடும்.

ஒரு படுக்கைக்கு இரண்டு உறை

நம் ஊர் ஈரத்தில் மெத்தை நீடிக்க வேண்டுமானால் அதற்கு இரண்டு உறை வேண்டும். உள்ளுறை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெளியுறை வியர்வையையும் அழுக்கையும் வாங்கிக்கொள்ளும். கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்கும். ஒரே உறையில் பஞ்சை அடைத்துத் தைத்துவிட்டால் பிறகு துவைக்க வழியில்லை. பெரும்பாலான பழைய மெத்தைகள் கெட்டுப்போவது இந்த ஒரு குறையால்தான். மனிதர் படுக்கைக்கும் பூனைப் படுக்கைக்கும் இந்த விதி ஒன்றே.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே உள்ளுறைக்கு ஏற்றது. நெசவு தளர்வாக இருந்தால் இலவம் பஞ்சு இழை இழையாக வெளியே வந்துகொண்டே இருக்கும். வெட்டும் முன் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

மலேசியாவில் ஒருவர் படுக்கும் மெத்தையின் வழக்கமான அளவு 91 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம். 10 செ.மீ. தடிமனில் செய்வதாக வைத்துக்கொள்வோம். தையலுக்குப் பக்கத்துக்கு ஒன்றரை செ.மீ. விட்டால், மேலுக்கும் கீழுக்குமாக 94 செ.மீ. அகலமும் 193 செ.மீ. நீளமும் கொண்ட இரண்டு துண்டுகள் தேவை. சுற்றிலும் வரும் பக்கப் பட்டை 13 செ.மீ. அகலம், 565 செ.மீ. நீளம். பட்டையை இரண்டு மூன்று துண்டுகளாக இணைத்தும் தைக்கலாம். இணைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் 3 செ.மீ. கூடுதலாக வெட்ட வேண்டும். தலைப்பக்க அகலத்தை மட்டும் திறந்து விட்டு மற்ற மூன்று பக்கங்களையும் இரட்டைத் தையலாகத் தைத்துவிட வேண்டும். வெளியுறையை இதைவிடப் பக்கத்துக்கு ஒரு செ.மீ. பெரிதாக வெட்டி, ஓர் அகலப் பக்கத்தில் ஜிப் வைத்தால் போதும்.

பஞ்சைக் கொட்டி நிரப்புதல்

இந்த வேலைக்கு ஏற்ற காலம் சனவரி, பிப்ரவரி மாதங்கள். பினாங்கில் மழை குறைந்திருக்கும் மாதங்கள் அவை. பொங்கலை ஒட்டி வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய உறையைப் பிரித்ததும் பஞ்சைப் பெரிய விரிப்பில் கொட்டி, கட்டிகளைக் கையால் பிரிக்க வேண்டும். பிறகு மூங்கில் கழியால் இலேசாகத் தட்டினால் பஞ்சு பொங்கும்; தூசியும் விதைகளும் கீழே தங்கும். மூக்கையும் வாயையும் மூடும் கவசம் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையின் பக்கம் வராமல் இருப்பது நல்லது. காற்றில் பறக்காமல் இருக்க மேலே கொசுவலையைப் போர்த்திவிட்டு, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். மாலை நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிடுங்கள். இலவம் பஞ்சைத் தண்ணீரில் துவைக்கக் கூடாது. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

மேலே சொன்ன அளவுள்ள மெத்தைக்கு ஏறத்தாழ 10 கிலோ பஞ்சு பிடிக்கும். பழைய பஞ்சு குறைந்திருந்தால் புதுப் பஞ்சைக் கலந்துகொள்ளலாம். முதலில் இரண்டு கீழ் மூலைகளையும் இறுக்கமாக அடைக்க வேண்டும். பிறகு ஓரங்கள், கடைசியாக நடு. நடுவைத் தேவைக்கு மேலேயே புடைக்க நிரப்ப வேண்டும். சில வாரங்களில் அது தானாகப் படியும். நிரப்பியதும் திறந்த பக்கத்தைக் கையால் தைத்து மூடி, மெத்தையைத் திருப்பித் திருப்பித் தட்டி மட்டப்படுத்த வேண்டும்.

பலர் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. நீண்ட மெத்தை ஊசியால் மேலிருந்து கீழாக ஊடே குத்தித் தைத்து, இரு பக்கமும் சிறு துணித்துண்டு அல்லது பொத்தான் வைத்து முடிச்சுப் போடுவதுதான் அது. குறுக்கே மூன்று, நெடுக்கே ஆறு என்று பதினெட்டு முடிச்சுகள் போட்டால் பஞ்சு நகராது. நடுவில் பள்ளமும் சீக்கிரம் விழாது. தொடங்கும்போது எத்தனை ஊசிகள் எடுத்தோமோ அத்தனையும் முடிக்கும்போது கையில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மெத்தைக்குள் தங்கிய ஓர் ஊசி ஆண்டுக்கணக்கில் கழித்தும் குத்தும்.

இலவம் பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். புகைந்துகொண்டே உள்ளுக்குள் பரவும். கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருள் வைப்பதும், படுக்கையில் புகைபிடிப்பதும், பக்கத்தில் சாம்பிராணித் தூபம் வைப்பதும் கூடாது.

நுரைக்கும் இரப்பருக்கும் வெயில் ஆகாது

இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து. இரப்பர் மெத்தைக்கு அதே வெயில் கெடுதல். நேரடி வெயில் பட்டால் இரப்பர் இறுகி உதிரத் தொடங்கும். செயற்கை நுரையும் மஞ்சளாகி வலுவிழக்கும். இவை இரண்டையும் நிழலில், காற்றோட்டத்தில், சுவரில் சாய்த்து நிறுத்திக் காயவைக்க வேண்டும். மின்விசிறி வைத்தால் இன்னும் நல்லது. இவற்றைப் புதுப்பிப்பது என்றால் உறையை மாற்றுவதுதான். நுரையைத் தண்ணீரில் முக்கினால் உள்ளே காயவைப்பது மிகவும் கடினம்.

மெத்தையைத் தரையில் நேரடியாகப் போடுவதே பல வீடுகளில் ஈரத்துக்குக் காரணம். உடல் சூடும் வியர்வையும் மெத்தை வழியே கீழிறங்கி, குளிர்ந்த தரையில் பட்டு நீராகத் தங்கும். சட்டங்கள் வைத்த கட்டில் இதைத் தவிர்க்கும். சட்டங்களின் இடைவெளி 7 அல்லது 8 செ.மீ.க்கு மேல் போகாமல் இருந்தால் நுரை மெத்தை இடையில் தொங்காது. முழுப் பலகையாக இருந்தால் ஆங்காங்கே துளையிட்டுக் காற்றுக்கு வழிவிட வேண்டும். கட்டில் செய்ய இரப்பர் மரம் மலிவு. பதப்படுத்தாத இரப்பர் மரத்தில் பூஞ்சணமும் துளைக்கும் வண்டும் எளிதில் வரும் என்பதால், பதப்படுத்திய மரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு மெத்தென்ற படுக்கை கூடாது

படுக்கை செய்யத் தொடங்கும் முன் யார் படுக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவருக்குச் சுகமான மெத்தை இன்னொருவருக்கு ஆபத்தாகலாம்.

ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தை மல்லாந்து, உறுதியான, சமமான பரப்பில் உறங்க வேண்டும் என்பதே உலகெங்கும் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. பாட்டி ஆசையோடு தைத்துத் தரும் இலவம் பஞ்சு மெத்தை, தலையணை, சிறு திண்டு எல்லாம் மென்மையானவை. குழந்தை முகம் கவிழ்ந்தால் மூச்சுக்கு வழியிருக்காது. குழந்தை திடுக்கிடாமல் இருக்க அதன் நெஞ்சின் மேல் பச்சைப்பயறுத் தோல் அடைத்த சிறு தலையணையை வைக்கும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. அதையும் உறங்கும்போது எடுத்துவிட வேண்டும். குழந்தைக் கட்டிலுக்கு நுரை வெட்டினால், மெத்தைக்கும் கட்டில் ஓரத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் சந்து இருக்கக் கூடாது. தாத்தா பாட்டியின் கையால் ஏதாவது செய்துதர வேண்டுமானால், கட்டிலில் இறுக்கமாகப் பொருந்தும் பருத்தி விரிப்பு தைத்துத் தரலாம்.

படுத்த படுக்கையான பெரியவருக்கு

நடமாட முடியாமல் கிடக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ படுக்கைப் புண் வருவதுதான் வீட்டாரின் பெரிய கவலை. பள்ளம் விழுந்த பஞ்சு மெத்தை அவர்களுக்கு ஆகாது. நல்ல அடர்த்தியுள்ள நுரை மெத்தை வேண்டும்.

அது போதுமானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. அவர் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி நுழைக்க வேண்டும். கைக்கும் அவர் உடலுக்கும் இடையே ஓர் அங்குல நுரைகூட இல்லையென்றால் அந்த மெத்தை அவரைத் தாங்கவில்லை என்று பொருள்.

நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டுகளைத் தவிர்க்க வேண்டும். ஓட்டையின் விளிம்பு அழுத்தி இரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். குதிகாலில் புண் வராமல் இருக்க, கெண்டைக்கால் நெடுகக் கீழே தலையணை வைத்துக் குதிகாலைப் படுக்கையில் படாமல் தூக்கி நிறுத்தலாம். சிறுநீர் படாமல் இருக்க நெகிழித் தாள் போட்டால், அதன் மேல் பருத்தித் துணி இருக்க வேண்டும். நெகிழி நேராகத் தோலில் பட்டால் வியர்த்துத் தோல் ஊறிவிடும். எவ்வளவு நல்ல மெத்தையானாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை அது செய்யாது. தோலில் சிவந்த இடம் அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

நாய்க்கும் பூனைக்கும்

மனிதருக்கு உதவாத நுரையையும் பழைய துணியையும் செல்லப்பிராணிகளுக்குப் பயன்படுத்தலாம். பூச்சியும் பூஞ்சணமும் இல்லாததாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

நாய் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு 20 முதல் 30 செ.மீ. சேர்த்தால் படுக்கையின் நீளம் கிடைக்கும். இளம் நாய்கள் நம் வெப்பத்தில் மெத்தையை விட்டுவிட்டுக் குளிர்ந்த தரையில் போய்ப் படுக்கும். அவற்றுக்குக் கால் வைத்த துணிக் கட்டில் பொருத்தம். ஓர் அங்குல பிவிசி குழாயில் 90 செ.மீ. துண்டு இரண்டு, 60 செ.மீ. துண்டு இரண்டு, கால்களுக்கு 15 செ.மீ. துண்டு நான்கு, மூன்று வழி இணைப்பு நான்கு, கால்களுக்கு மூடி நான்கு. கனமான துணியின் நான்கு ஓரங்களிலும் குழாய் நுழையும்படி மடித்துத் தைத்து, மூலைகளைச் சதுரமாக வெட்டிவிட வேண்டும். குழாய்களைத் துணிக்குள் நுழைத்த பிறகே இணைப்புகளை மாட்ட வேண்டும். அடியில் காற்று ஓடும், ஈரம் தங்காது, தண்ணீர் ஊற்றிக் கழுவலாம். பெரிய நாய்களுக்குக் குழாய் தாங்காது, மரச்சட்டம் வேண்டும்.

வயதான நாயின் நிலை வேறு. கடினமான தரையில் படுத்து அதன் முழங்கை காய்த்துப்போகும். மூட்டு வலியும் இருக்கும். அதற்கு 10 செ.மீ. தடிமனுள்ள உறுதியான நுரையைத் தரையோடு தாழ்வாகப் போட்டால் ஏறி இறங்கச் சிரமமிருக்காது. நுரைக்கு நீர்புகாத உள்ளுறை, அதற்கு மேல் துவைக்கும் வெளியுறை. எதையும் கடித்துக் குதறும் குட்டிக்கு அடைத்த மெத்தையே வேண்டாம். விழுங்கிய நுரையும் பஞ்சும் குடலை அடைத்துவிடும். மடித்த பழைய துவாலை போதும்.

பூனை நாலு பக்கமும் தடுப்பு உள்ள இடத்தை விரும்பும். அட்டைப் பெட்டியில் பழைய டி-சட்டைகளை அடைத்த தலையணையை வைத்தால் போதும். பூனைப் படுக்கையில் குஞ்சம், தொங்கும் நூல், ரப்பர் பட்டை எதுவும் இருக்கக் கூடாது. பூனையின் நாக்கில் பின்னோக்கிய முட்கள் இருப்பதால் நூலை வாயில் எடுத்தால் துப்ப முடியாமல் விழுங்கும். அந்த நூல் குடலைச் சுருட்டி இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

பூச்சிக்கு வைத்த மருந்து வீட்டாருக்கு நஞ்சாகக் கூடாது

உண்ணியின் கதை வேறு, தெள்ளுப்பூச்சியின் கதை வேறு. தெள்ளுப்பூச்சி நாயின் மேல் முட்டையிட்டாலும் முட்டைகள் உதிர்ந்து படுக்கையில் விழுந்து அங்கேதான் வளரும். ஆகவே படுக்கையுறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் துவைத்தாலே பெரும்பகுதி குறையும். நம் வீட்டு நாய்களில் காணும் பழுப்பு உண்ணியோ சுவர் வெடிப்புகளிலும் கதவுச் சட்டங்களிலும் ஏறி ஒளிந்துகொள்ளும். படுக்கையைத் துவைப்பதோடு அந்த இடங்களையும் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் நாய்க்குச் செய்யும் சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும். அது பூனைக்குக் கொடிய நஞ்சு. நாயும் பூனையும் ஒரே படுக்கையில் உறங்கும் வீட்டில் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தெளிக்கக் கூடாது. ‘டீ ட்ரீ’ போன்ற வாசனை எண்ணெய்களும் பூனைக்கு ஆகாது.

படுக்கைக்குள்ளும் துணி அலமாரியிலும் போடும் நப்தலின் உருண்டையே எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது. மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் குறைபாடுள்ள குழந்தை நப்தலின் மணம் ஏறிய துணியில் கிடந்தாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். நாயோ பூனையோ உருண்டையை விழுங்கினாலும் ஆபத்து. இதற்குப் பதில் கற்பூரம் வைக்கலாமே என்று எண்ண வேண்டாம். விழுங்கிய பிள்ளைக்கு வலிப்பு வரும். படுக்கையை உலர வைப்பதும் உறையைத் துவைப்பதும்தான் பாதுகாப்பான வழி.

சுயசேவைச் சலவைக் கடைகள் பலவற்றில் செல்லப்பிராணிகளின் துணியைப் போடக் கூடாது என்று எழுதியிருப்பார்கள். பலரும் ஒரே இயந்திரத்தைப் பயன்படுத்தும் இடத்தில் அந்த விதியை மதிக்க வேண்டும். வீட்டு வாளியில் கொதித்த நீரும் குளிர்ந்த நீரும் கலந்து ஊறவைத்துத் துவைக்கலாம். பூனைக்குப் படர்தாமரை வந்திருந்தால் அதன் துணிப்படுக்கையைப் புதுப்பிக்காமல் கட்டி வீசிவிடுவது நல்லது. அது மனிதருக்கும் பரவும்.

மிஞ்சியதை என்ன செய்வது

போகியன்று பழைய பாயையும் மெத்தையையும் கொளுத்தும் பழக்கத்தை இங்கே தொடர முடியாது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் திறந்தவெளியில் எரிப்பது குற்றம். செயற்கை நுரை எரியும் புகையில் நச்சு வாயுக்களும் உண்டு. உதவாத மெத்தையை மாடிப்படி அடியில் போட்டு வைத்தால் எலியும் பூச்சியும் குடியேறும். தீப்பிடித்தால் வழியையும் அடைக்கும். பெரிய கழிவுகளை எங்கே, எப்போது வைப்பது என்று அடுக்குமாடி நிர்வாகத்திடமோ பினாங்குத் தீவு மாநகர் மன்றத்திடமோ கேட்டு அப்புறப்படுத்த வேண்டும். மூட்டைப்பூச்சி இருந்த மெத்தையென்றால் நெகிழியால் சுற்றி, பூச்சி உள்ளது என்று எழுதி ஒட்டிவிட்டால் வேறொருவர் ஏமாந்து எடுத்துச் செல்ல மாட்டார்.

நினைவில் வைக்க

வாரம் ஒருமுறை: படுக்கை விரிப்பு, தலையணையுறை, செல்லப்பிராணிகளின் படுக்கையுறை ஆகியவற்றைச் சுடுநீரில் துவைத்தல். தூசிப்பூச்சியால் தும்மலும் ஆஸ்துமாவும் உள்ளவர்களுக்கு 60 டிகிரி சூடு முக்கியம்.

மாதம் ஒருமுறை: வெளியுறையைக் கழற்றித் துவைத்தல், மெத்தையைத் தலை கால் மாற்றிப் போடுதல், தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி அடையாளம் பார்த்தல். இலவம் பஞ்சானால் வெயிலில், நுரையும் இரப்பரும் ஆனால் நிழலில் காயவைத்தல்.

ஆண்டுக்கு ஒருமுறை, சனவரி–பிப்ரவரியில்: இலவம் பஞ்சு மெத்தையின் முடிச்சுகளைச் சரிபார்த்தல், பள்ளம் விழுந்திருந்தால் பிரித்துக் காயவைத்து மீண்டும் நிரப்புதல், கட்டில் சட்டங்களில் வண்டும் கறையானும் பார்த்தல்.

காலையில் எழுந்தவுடன் போர்வையை மடித்து மெத்தையின் மேலேயே வைத்து மூடாமல், ஒரு மணி நேரம் சன்னலைத் திறந்து மெத்தையைக் காற்றாட விடுவது தினமும் செய்யக்கூடியது. அதற்குச் செலவு ஒரு சென்கூட இல்லை.